நடந்து பார்க்காத வழி

இன்று காலை ஆபீஸில் புதிதாக ஒரு வேலையை என் தலையில் கட்டினார்கள். கம்பனி வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. வருகிறவர்கள் அங்கே வந்து சேரும் வழியை மூன்று மொழியிலும் எழுத வேண்டுமாம். தமிழ் என் பங்கு. போனிலேயே மெப் இருக்கும்போது இதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவிட்டு, 'பஸ்ஸிலிருந்து இறங்கி' என்று தட்டினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. வழி எழுது என்று யார் சொன்னாலும் எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது.

நாம் இரண்டு பேரும் தொழில்முறை எழுத்து படிக்கப் பல்கலைக்கழகம் போனதைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். உன் அப்பாவுக்கு அது என்ன படிப்பென்று கடைசிவரை பிடிபடவில்லை. "எழுதத்தான் ஒண்ணாம் வகுப்புலயே கத்துக் குடுத்துட்டாங்களே, அதுக்கு எதுக்குப் புள்ள இன்னும் நாலு வருசம்?" என்று என்னையும் நிறுத்தி வைத்துக் கேட்டார். உன் அம்மா அப்படி மலைக்கவில்லை. தோட்டத்தில் எழுத்து என்றால் அவருக்குத் தெரிந்த பெரிய உத்தியோகம் ஒன்றுதான். "மக கிளாக்கருக்குப் படிக்குது" என்று கொழுந்து பறிக்கிற மலையெல்லாம் சொல்லிவிட்டார். நீ அதைத் திருத்தவே இல்லை.

"விடுடி, அவங்களுக்காச்சும் நாம என்னா படிக்கிறோம்னு தெரிஞ்சிருக்கே" என்றாய்.

அதன்பிறகு விடுமுறைக்கு வந்தால் நமக்கு ஓய்வு ஏது? கல்யாணக் கார்ட்டு, திருவிழா நோட்டீஸ், சடங்கு பேனர் என்று எல்லாம் உன் வீட்டு வாசலுக்கு வந்தன. ஒரு பேனரில் தாய்மாமன் பெயரைக் கீழே போட்டுவிட்டோம் என்று அந்த மனுசன் சீர்த் தட்டோடு பாதி வழியில் திரும்பிப் போனது ஞாபகம் இருக்கிறதா? பட்டப்படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லையே என்று நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். பிறகு நீயே போய் அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வந்தாய்.

முதல் வருடம் யாழ்ப்பாணத்து மெடம் கொடுத்த வேலை, அவரவர் வீட்டுக்கு வரும் வழியை எழுதுவது. "ஆரையும் கேக்காமல் வந்து சேரக்கூடிய மாதிரி எழுதவேணும். நடந்து பாக்காத வழியை எழுதப்படாது. வாசிக்கிற ஆள் அடுத்ததா என்ன கேக்கும் எண்டு யோசியுங்கோ" என்றார். நான் பாலம், படிக்கட்டு, வளைவு ஒன்று விடாமல் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ மூன்று வரிதான் எழுதினாய். ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறவும். கோயிலடியில் இறங்கவும். அங்கே யாரையாவது கேட்கவும்.

வகுப்பே சிரித்தது. மெடம் சிரிக்கவில்லை. "இது அரைவாசி வழிதானே பிள்ளை. மிச்சம் எங்க?"

"மிச்சத்த அங்க இருக்கிறவங்க சொல்லுவாங்க மெடம். தேயிலையக் கவ்வாத்து வெட்டுன மலைக்குப் பக்கத்துலன்னு எழுதுனா, அது அடுத்த வருசம் வளந்துரும். எங்க லயத்துக்கு நம்பரும் கெடையாது. யாரு வீட்டத் தேடி யாரு வந்தாலும் நாங்க கூட்டிட்டுப் போய் விட்டுட்டுத்தான் வருவோம்."

"அங்க ஒருத்தரும் இல்லாட்டி?"

"எங்க தோட்டத்துல ஆளில்லாத எடமே இல்ல மெடம்."

ஆகக் குறைந்த புள்ளி உனக்குத்தான் கிடைத்தது. நீ அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. மூன்று வரியில் நீ சொன்னது சரி என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

ஆனால் போகப் போக எங்கள் எல்லோரையும் நீ தாண்டிவிட்டாய். சீனி வருத்தக்காரர் மருந்து எடுக்கும் முறையை ஒரு துண்டில் எழுதச் சொன்னபோது, நாங்கள் 'நாளொன்றுக்கு மூன்று வேளை' என்று எழுதினோம். நீ, காலையில் வேலைக்குப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் முன் ஒன்று, பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு ஒன்று, இரவு அடுப்பை அணைக்கும் முன் ஒன்று என்று எழுதினாய். மெடம் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குத் தன்ர வாசகரைத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு ஹொஸ்டலில் நீ சொக்ஸ் போட்ட காலை ஆட்டிக்கொண்டு அதையே பத்து தரம் சொல்லிக் காட்டினாய். உன் மண்டைக்கனம் தாங்க முடியவில்லை. தாங்கியிருக்கலாம்.

கடைசி வருட விடுமுறைக்குக் காய்ச்சலோடு ஊருக்குப் போனாய். "சும்மா காச்சல்டி, கொத்தமல்லி குடிச்சாச் சரியாயிரும்" என்று வொய்ஸ் அனுப்பினாய். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது உன்னை முன்வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

மழைக்கு முன்னே எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். கோயில் வளைவுவரை நாங்களும் வந்தோம். அங்கே பெண்களை நிறுத்திவிட்டார்கள். நம்மில் பெண்கள் அதற்குமேல் போவதில்லை, உனக்குத் தெரியும். தப்பு மேளச் சத்தம் மேலே மேலே ஏறிப் போனது. உன் அம்மா அழுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காற்று திசை மாறி, சத்தமும் இல்லாமல் போனது. நீ எங்கே போனாய் என்று அதற்குமேல் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் பட்டம் வாங்கி, கொழும்பில் வேலை கிடைத்து, தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனேன். உன் வீட்டுக்குப் போகவே கால் கூசியது. உன் அம்மா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டார். மெஷினை எப்படிப் பாவிப்பது, ஓர் இடத்துக்கு எப்படிப் போவது என்றெல்லாம் ஆளுக்கு விளங்குகிற மாதிரி எழுதுவது என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பன்னா எம்புள்ளய வச்ச எடத்துக்கு எப்படிப் போறதுன்னு எழுதித் தா."

நான் மூலையில் இருந்த உன் அப்பாவைப் பார்த்தேன்.

"இவரக் கேட்டா மேலங்கிறாரு. மேலன்னா எங்க? நான் பறிக்காத மலை இந்தத் தோட்டத்துல இல்ல. அந்தப் பக்கந்தான் காடா விட்டுட்டாங்க, நான் போனதே இல்ல. நான் அங்க போனா ஆளுங்க ஒண்ணு பேசும். போவலன்னாலும் வழி தெரிஞ்சா, படுத்துக் கெடக்கையில மனசால போய்ட்டு வருவேன்ல."

நடந்து பார்க்காத வழியை எழுதக் கூடாது. அதை நான் சொன்னபோது உன் அப்பா மூலையிலிருந்து நிமிர்ந்தார். "பொம்பளப் புள்ள அங்கெல்லாம் வரக்கூடாதும்மா" என்றார். உன் அம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நான் கதவைத் திறந்தால், உன் அப்பா கவ்வாத்துக் கத்தியோடு வாசலில் நிற்கிறார். "மானாப் புல்லு மண்டிக் கெடக்கும். நான் வெட்டிட்டே முன்னால போறேன், பின்னாலயே வா" என்றார். 

பனிமூட்டம் இறங்கியிருந்தது. கோயிலைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தைத் தாண்டி ஏறினோம். ஒரு பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்குமேல் தேயிலை வெட்டுவாரில்லாமல் மரமாகவே வளர்ந்து நின்றது. உன் மாதிரி எழுதிவிடலாமா என்று நடுவில் ஒரு தடவை நினைத்தேன். யாரையாவது கேட்கவும் என்று எழுத அங்கே ஒருத்தரும் இல்லை. ஆளில்லாத இடமே இல்லை என்று மெடத்திடம் அவ்வளவு அடித்துச் சொன்னாயே. உன்னைக் கொண்டுபோய் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

உன் அப்பா ஓர் இடத்தில் நின்று புல்லைச் சுற்றிலும் வெட்டி ஒதுக்கினார். உள்ளே கல் அடுக்கி, செவ்வந்தி நட்டிருந்தார். அவர் இடைக்கிடையே வந்து போகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டினார்.

அன்று பகல் முழுக்க எழுதினேன். நான்கு வருடம் படித்ததெல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் என்று தோன்றியது. பொழுது சாய அடுப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மடுவம் வந்ததும் தலையாட்டினார். பீலி வந்ததும், "அதுல தண்ணி நல்லாருக்கும்" என்றார். மரமாகிப் போன தேயிலைக்கு நடுவே வந்தபோது மூச்சு வாங்கினார், உண்மையாகவே ஏறுகிற மாதிரி. செவ்வந்தி வந்ததும் உன் அப்பா எழுந்து வெளியே போனார். வாசித்து முடித்தேன். ஒரு குறையும் இல்லாமல் எழுதியிருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

"அங்க வெயில் படுதா புள்ள?"

நான் தாளைப் பார்த்தேன். அது அதில் இல்லை.

"அவளுக்குக் குளிரு ஆகாது" என்றார். "மலையில பொறந்தவளுக்குக் குளிரு ஆகலன்னு ஊரே சிரிக்கும்."

நீயாக இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். நான் போனது மூட்டத்தில், எனக்குத் தெரியவில்லை. படும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். உன் அம்மா முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாள் கொழும்பு பஸ்ஸை விட்டுவிட்டேன். மதியம் தனியாகவே ஏறினேன். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேகம் விலகும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆனது. பிறகு வெயில் மரங்களுக்கு நடுவால் இறங்கி, கல்லில் விழுந்து, கொஞ்ச நேரம் நின்றது.

மலையிலிருந்து வேலை முடிந்து வந்த உன் அம்மா கூடையை இறக்கவும் இல்லை. "படுதும்மா" என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான். ஆனா நல்லாப் படுது."

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

இங்கே கொழும்பில் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. மதியமானால் ஆபீஸே சேர்ந்து திட்டும். என்னால் முடிவதில்லை. அங்கேயும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.