பூவம்மாவின் பினாங்கு மீன்

8-2-1954, திங்கள்

பூவம்மா எண்ணூருக்கு, தாய்வீட்டுக்குப் போய் இன்றோடு இருபது நாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போனாள். அப்படி என்ன காய்ச்சல், இருபது நாளாக அடிக்கிறது? சோறு நானே வடித்தேன். குழைந்துவிட்டது. மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ரஷீது வந்தான். கப்பலில் பண்டாரி, அதாவது கலாசிகளுக்குச் சமைக்கிற வேலை. ஐந்து மாதம் கழித்து இன்றுதான் கரை இறங்கினான். கையில் ஓர் ஊறுகாய் பாட்டில். உள்ளே தண்ணீர், தண்ணீரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன். பினாங்கில் இதற்குச் சண்டை மீன் என்று பேராம். சேவல் மாதிரி ஒன்றையொன்று குதறிக்கொள்ளுமாம். போன தடவை அவன் இதைச் சொன்னபோது பூவம்மா நம்பவில்லை. "நான் குப்பத்துல பொறந்தவ. எனுக்கே மீனு கதை வுட்றியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறான்.

"அக்கா வந்ததும் குட்த்துடு மாமு. அதுவரைக்கும் பத்ரம்" என்றான்.

சண்டை மீனாம். அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. என் மாமனார் பார்த்தால் குழம்புக்குக்கூடத் தேறாது என்பார்.

9-2, செவ்வாய்

சோற்றுப் பருக்கை போட்டேன். பருக்கை ஊறி மிதக்கிறது. மீன் மூலையை விட்டு வரவில்லை.

10-2, புதன்

ரஷீது வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். கப்பலில் இன்னொருவனும் இதே மாதிரி மீன் வைத்திருந்தானாம். இரண்டு பாட்டிலும் பதினொரு நாள் பக்கத்துப் பக்கத்தில். கண்ணாடி வழியாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்த்துச் சிலிர்த்தே ஓய்ந்துபோயிருக்கின்றன. மற்றது நாகப்பட்டினத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டது.

"நல்லா மெர்சலாயிகீது மாமு. பாரு, நெறமே வுட்டுப்பூட்ச்சி. ஒடம்புல கோடு வுழுந்துகீது" என்றான்.

உண்மைதான். நீலம் என்று சொன்னான், எனக்குச் சாம்பலாகத்தான் தெரிகிறது. வால் மடக்கிய குடை மாதிரி இருக்கிறது. பினாங்குச் சீனர்கள் செய்கிற வைத்தியத்தை வரிசையாகச் சொன்னான். பெரிய ஜாடியில் விட வேண்டும். விளிம்புவரை தண்ணீர் ஊற்றக்கூடாது, மீன் மேலே வந்து மூச்சு விடுமாம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் சும்மா வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் பாதிதான் மாற்ற வேண்டும். காய்ந்த பாதாம் இலை ஒன்று போட வேண்டும். தின்பதற்குக் கொசுப்புழு.

கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கொசுப்புழுவுக்கா அலைய வேண்டும்!

14-2, ஞாயிறு

முறுக்குக் கடையில் கேட்டு ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிவந்தேன். கூட்ஸ் ஷெட் பக்கத்து மரத்தடியில் பாதாம் இலை பொறுக்கினேன். போகிற வருகிறவன் எல்லாம் பார்த்தான். பார்க்கட்டும்.

ஜாடியை மேசையில் வைத்தேன். கப்பல் பலகையை அறுத்து நானே அடித்த மேசை. வீட்டில் இருக்கிற ஒரே மேசை. சாப்பாடு, சவரம், இந்த எழுத்து எல்லாம் அதில்தான். ஒரு முனை அடுப்பங்கரைத் தடுப்பில் முட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. மீன் இலைக்கு அடியில் போய்ப் படுத்தது.

"இன்னாடா, இடம் புடிச்சிகீதா?" என்று கேட்டு மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். விருட்டென்று பாய்ந்து கண்ணாடியில் மோதிக்கொண்டது. சரியான பயந்தாங்கொள்ளி. சிரிப்பு வந்தது.

15-2, திங்கள்

பட்டறையில் பழைய பாய்லர் ஒன்று. வழக்கம்போல என் ஜோடி இன்னாசி உள்ளே, நான் வெளியே. நான் ரிவிட் ஆணியை அடிக்க, அவன் உள்ளிருந்து முட்டுக்கொடுப்பான். அந்த இரைச்சலில் பேச்சு எங்கே கேட்கும்? எல்லாம் தகட்டில் தட்டுத்தான். ஒரு தட்டு என்றால் அடி. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் வெளியே வருகிறேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது. எனக்கு இடது காது பாதி இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் மீன் சங்கதியைச் சொன்னேன். "ஊர்ல அவன் அவன் மீனைத் துன்றான். நீ மீனுக்கு நர்ஸ் வேலை பாக்கறே" என்று ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

17-2, புதன்

வால் நுனி கிழிந்திருக்கிறது. எதில் உரசியது? யோசித்துப் பார்த்தேன், சவரக் கண்ணாடிதான். ஜாடிக்கு நேரே மாட்டியிருக்கிறேன்! தன் முகத்தையே எதிரி என்று நினைத்துச் சிலிர்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி இல்லாமல் சவரம் செய்து மோவாயில் இரண்டு வெட்டு.

19-2, வெள்ளி

இன்னும் சாப்பிடவில்லை. கூட்ஸ் வண்டிதான் காரணம் என்று தோன்றுகிறது. வேகன் வேகனோடு இடிக்கும்போது நம் சுவரே அதிர்கிறது. சாக்கை நாலாக மடித்து ஜாடிக்கு அடியில் வைத்தேன். துணி போட்டும் மூடினேன்.

20-2, சனி

ரஷீதுக்குக் கப்பல் கிளம்பிவிட்டது. போகும்போது, "செத்துப்பூட்ச்சின்னா அக்காகிட்ட சொல்லாதே மாமு. எட்த்தாரவே இல்லன்னு சொல்லிடு" என்றான்.

எப்படிச் சொல்வது? அவள் வந்து இறங்கும்போது கையில் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? கட்டிக்கொண்ட இந்த ஒன்பது வருஷத்தில் நானாக அவளுக்கு ஒன்றும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. இதுவும் நான் கொண்டுவந்ததில்லை. உயிரோடாவது வைத்திருந்து கொடுக்க வேண்டாமா?

வருவாளா?

22-2, திங்கள்

அவசர வேலை. மூன்று நாளைக்கு இரண்டு ஷிப்டு. ஜாடியைப் பார்த்துக்கொள்ளும்படி ரஷீதின் பெண்டாட்டி ஜஹானாராவிடம் சாவி கொடுத்தேன்.

24-2, புதன்

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜஹானாரா சிரித்தாள். "நல்லா துன்னுதுண்ணே. பகல்ல மேல வந்து பாக்குது. நேத்திக்கு ஏழு புழு."

என்னால் நம்ப முடியவில்லை. நான் இருந்தால் அசைவதே இல்லையே என்றேன்.

"கோச்சிக்காதேண்ணே. நீ வந்தா அது ஓடிப்பூடுது."

கோபம்தான் வந்தது. இலை பொறுக்கியவன் நான், புழு பிடித்தவன் நான். அவள் போன பிறகு சாப்பாட்டுக் கேரியரை மேசையில் டங்கென்று வைத்தேன். நன்றிகெட்ட ஜென்மம்.

25-2, வியாழன்

இன்று வேலை இல்லை. காலையிலிருந்து மேசைக்கு எதிரே சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கூட்ஸ் வந்தது. வேகன்கள் இடித்தன. மீன் அசையவில்லை. அதற்கு அது பழகிவிட்டிருக்கிறது. தெருவில் யாரோ கத்திச் சண்டை போட்டார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. மெல்ல இலைக்கு வெளியே வந்தது. கண் எவ்வளவு சின்னது!

தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தேன். அவ்வளவுதான், அம்பு மாதிரி அடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கோடு திரும்ப விழுந்தது.

நான்தான். கண்ணாடியும் இல்லை, கூட்ஸும் இல்லை. நான் வைக்கிற டம்ளர், நான் போடுகிற கேரியர், நான் தட்டுகிற தட்டு. எனக்குக் கேட்காததால் யாருக்கும் கேட்காது என்று இருந்துவிட்டேன்.

எழுதவே கை கூசுகிறது. பூவம்மாவையும் நான் தட்டித்தான் கூப்பிடுவேன். மேசையில் ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் சோறு. தடுப்பு வழியாக அடுப்பங்கரைக்கு நன்றாகப் போகும். நல்ல ஏற்பாடு என்று இன்னாசியிடம் பெருமைகூட அடித்திருக்கிறேன். தட்டினால் அவள் தோள் ஒரு தூக்குத் தூக்கும். பயந்தாங்கொள்ளி என்று அவளையும்தான் சொன்னேன்.

அவள் போவதற்கு முந்தின நாள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி. தட்டினேன். பானை நழுவிக் கஞ்சி முழுக்கக் காலில். நான் என்ன சொன்னேன்? "பாத்து வடிக்கத் தெரியாதா?" சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்டா நான். மறுநாள்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள்.

அடப்பாவி தாமோதரா.

26-2, வெள்ளி

கேரியரை மடியில் வைத்துத் திறந்தேன். டம்ளருக்கு அடியில் துணி. சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடினேன்.

27-2, சனி

இன்றும் அப்படியே. சாயங்காலம் நான் பக்கத்தில் இருக்கும்போதே மேலே வந்து ஒரு புழுவைக் கவ்வியது. ஒன்றுதான். ஆனால் என் எதிரிலேயே!

28-2, ஞாயிறு

கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூர் போனேன். மாமியார் செல்லம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். குண்டுக்கல் மாதிரி இருக்கிறார்.

"காய்ச்சல் எப்டி கீது?" என்றேன்.

"காய்ச்சலா? எனுக்கா? வா மாப்ளே, மொதல்ல உள்ள வந்து குந்து" என்றார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

பூவம்மா மணலில் உட்கார்ந்து கூடையில் நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தாள். இடது பாதத்தில் புதுத்தோல் வெளுப்பும் சிவப்புமாக. மெதுவாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதில் ஒரு சங்கடம். மெதுவாகப் பேசினால் எனக்கே கேட்பதில்லை. சொன்னேனா, நினைத்தேனா என்று தெரியவில்லை. மீன் கதை முழுவதும் சொன்னேன். கண்ணாடி, கூட்ஸ், டம்ளர். அவள் கை நின்றுவிட்டது. அதனால் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

"உனுக்கும் அப்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னாள். "உன் கேரியர் சத்தம் சந்து முனையில கேட்டாலே எனுக்குத் தோளு தூக்கிப்போடும்யா. நீ கை நீட்றவன் இல்ல, தெரியும். தோளுக்குத் தெரியலியே."

"ஏன் சொல்லலே?"

"எத்தினி தபா சொன்னேன். உனுக்குத்தான் கேக்கலே."

கேட்காததா, கேட்டுக்கொள்ளாததா? காதின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. மன்னிச்சுக்கோ என்றேன். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாயில்லை. எழுந்தபோது அவளே கேட்டாள்: "அது புழு துன்னிச்சா இல்லியா, அத்த சொல்லு."

3-3, புதன்

கோடு மறைந்துவிட்டது. நீலமும் தெரிகிறது, ரஷீது பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் மேல் ஒரு மூலையில் நுரை. நேற்று நான்கைந்து குமிழி, இன்று எட்டணாக் காசு அகலத்துக்கு. சோப்பு பட்டுவிட்டதா? வியாதியா? வழித்து எறிய ஸ்பூனை எடுத்துவிட்டேன். மீன் விறைத்துக்கொண்டு ஸ்பூனை முறைத்தது. பயப்படவில்லை, முறைத்தது! விட்டுவிட்டேன்.

5-3, வெள்ளி

நுரை அதிகமாகிறது. ஜஹானாராவுக்கும் தெரியவில்லை. ஒரே பேஜார். சாகப்போகிறதா?

7-3, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் பூவம்மா. கையில் கூடை. "மீனைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். ஜாடியின் முன் குந்திக் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்தாள்.

"நொரை வுடுதுமே. இன்னா செய்றதுன்னே தெரில" என்றேன்.

"ஐய, இதுக்கா மூஞ்சி இப்டி கீது? எங்க ஊரு நல்ல தண்ணி குட்டையில ஒரு பொடி மீனு இப்டித்தான் நொரை கட்டும். வூடு கட்டுதுய்யா. பயந்த மீனு கட்டாது. மனசு தெம்பாயிட்டாத்தான் கட்டும்."

"முட்டை வுடப்போவுதா?"

"இது ஆம்பளை. ஆம்பளைதான் வூடு கட்டும். பொட்டை வந்தா வர்து, வராட்டி அதுபாட்டுக்குக் கட்டிகினே கெடக்கும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன்.

சாயங்கால வண்டிக்குப் போகவில்லை. ரெண்டு நாள் இருந்து பார்க்கிறாளாம். மீனை.

12-3, வெள்ளி

இரண்டு நாள் ஆறு நாளாகிவிட்டது. நான் எண்ணுவதைக் காட்டிக்கொள்ளவில்லை. நேற்றுப் பசி வேகத்தில் கை தானாக மேசை மேல் போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன். அவள் பார்த்துவிட்டாள். பதினாறு வருஷப் பழக்கம், ஒரு வாரத்தில் போகுமா? போக வேண்டும்.

18-3, வியாழன்

வால் நுனி வளர்ந்திருக்கிறது. புதிதாக வளர்ந்த இடம் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருக்கிறது. நீலம் ஏற இன்னும் நாளாகும் என்கிறாள் பூவம்மா.

சாயங்காலம் ஜாடிக்குப் பாதித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பங்கரையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கத்தினால் மீனுக்கு ஆகாது என்று எழுந்து வந்து பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தாள். தூக்கிவாரிப்போட்டது எனக்கு. குவளை கையை விட்டுப் போய் வேட்டியெல்லாம் தண்ணீர்.

"இன்னாய்யா, மெர்சலாயிட்டியா?" என்று சிரித்தாள். சோறு ஆறுகிறது என்றாள். சொல்லி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.