சம்பவம் இல்லாத மார்க் செல்லாது

பிப்ரவரி 9

அடி பூனை,

போன் போட்டால் எடுக்க மாட்டாய். தப்பித்தவறி எடுத்தாலும் "ம்"தான். பேனாவைக் கொடுத்தால்தான் உனக்கு வாய் முளைக்கும் என்று ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் போட்டிருக்கிறார்கள். மனிதவள மேலாண்மை, உதவிப் பேராசிரியர். நம் பிஎச்.டி. கைடு உனக்கும் சொல்லியிருப்பார். நான் இங்கே கெஸ்ட் லெக்சரராக ஒட்டிக்கொண்டிருக்கிறேன், நீ அந்தக் கல்லூரியில் அட்டெண்டன்ஸ் எடுத்தே தேய்கிறாய். இரண்டு பேருக்கும் அது வேண்டும். ஆனால் இன்டர்வியூ அன்று ஒரே வராந்தாவில் ஃபைலோடு உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது, தாயே.

ஒரு யோசனை. ஊருக்கெல்லாம் ஊழியர் மதிப்பீடு சொல்லிக் கொடுக்கிறோமே, நமக்கு நாமே செய்தால் என்ன? நான் உனக்கு அப்ரைசல் எழுதுகிறேன், நீ எனக்கு எழுது. கைடு சொல்லிக் கொடுத்த முறைதான்: ஒவ்வொரு மார்க்குக்கும் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். சம்பவம் இல்லாத மார்க் செல்லாது. மார்ச் முதல் தேதி இருவரும் தபாலில் போடுவோம். அதிகம் வாங்கியவள் விண்ணப்பிக்கட்டும். மற்றவள் வாயை மூடிக்கொண்டு டிரீட் கேட்கட்டும்.

சரியாகச் சாப்பிடு. உன் அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மைக்

பிப்ரவரி 17

அன்புள்ள மைக்,

சரி.

இவ்வளவுதான் எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

உன் வீட்டில் பெரியப்பா, சித்தி, அத்தை எல்லோருமே பேராசிரியர்கள். இந்த வேலை கிடைத்தால் நீ நான்காவது ஆள். எங்கள் வீட்டில் அப்பா ஒரு குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். "நீ பர்மனென்ட் ஆயிட்டா போதும்மா" என்று அம்மா தினமும் ஒருமுறையாவது சொல்கிறாள். இதைச் சொல்லி மார்க் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

உண்மையை மட்டும் எழுதுவேன். நீயும் அப்படியே எழுது.

பூனை

மார்ச் 1

அடி பூனை,

உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பாட அறிவு: முழு மார்க். ஆராய்ச்சி: முழு மார்க். கற்பித்தல்: முழு மார்க். உடன் பணிபுரிவோரோடு பழகுதல்: அதிலும் முழு மார்க், போ.

சம்பவம் எங்கே என்று கேட்காதே. யோசித்தால் ஒன்றும் வரவில்லை. ஒரே அறையில் இருந்தோம், சிரித்தோம், சண்டை போட்டோம், நீ என் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினாய். இதையெல்லாம் எந்தத் தலைப்பில் போடுவது? கைடு பார்த்தால் என் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்.

விண்ணப்பத்தை ரெடி பண்ணு.

உன்,
மைக்

மார்ச் 1

அன்புள்ள மைக்,

உண்மையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

பாட அறிவு நல்லது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆராய்ச்சி சுமார். அந்தத் தையல் தொழிற்சாலையில் பெண்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று தேடினோம். சம்பளம்தான் காரணம் என்று நீ எழுதி வைத்திருந்தாய். சாப்பாட்டு அறையில் ஒரு அக்கா என் காதோடு சொன்னாள்: "சம்பளத்த விடு கண்ணு. சூப்பர்வைசர் நாயக் கூப்பிடற மாதிரி விசிலடிச்சுக் கூப்பிடறான்." நம் கட்டுரை பேசப்பட்டதே அந்த விசிலால்தான். அதில் முதல் பெயர் உன்னுடையது.

பழகும் முறை குறைவு. கருத்தரங்கில் தலைவர் என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ எழுந்து பதில் சொன்னாய். பதில் சரி. கேள்வி என்னுடையது.

அடுத்தவர் இடத்தை மதித்தல் மிகக் குறைவு. முதல் வருடம், ஜூலை, ஒரு வியாழக்கிழமை. அப்பா வாட்ச்மேன் யூனிஃபார்மோடு என்னைப் பார்க்கத் துறைக்கு வந்தார். நான் கூச்சப்பட்டு நூலகத்துக்குள் நின்றுவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் நீ அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கும் வீட்டில், "அந்தப் பொண்ணு என்னமா பேசுது, நீயும் இருக்கியே" என்கிறார்.

இவ்வளவுதான்.

பூனை

மார்ச் 8

பூனைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்துவிட்டேன். உன் அப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்ததற்கெல்லாமா மார்க் குறைப்பார்கள்?

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை கண்ணில் பட்டது. எந்த மாதம், என்ன கிழமை, யார் எங்கே உட்கார்ந்தார்கள் எல்லாம் உனக்கு நினைவிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு நான் உளறிக்கொண்டிருந்த நாட்களில் எதிர்க் கட்டிலில் நீ எனக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாயா? கேட்டிருந்தால் முதல் பெயரைக் கொடுத்திருப்பேனே. நீ "ம்" என்றுதானே சொன்னாய்!

முறைப்படி நான் போட்ட மார்க் எதுவும் செல்லாது. நீ குறைத்தது எல்லாம் செல்லும். நல்ல மதிப்பீட்டாளர் நீதான். அந்த வேலைக்கு உன்னைவிடத் தகுதியானவள் இல்லை, கிண்டல் இல்லை.

நான் விண்ணப்பிக்கவில்லை. ஒப்பந்தத்துக்காக அல்ல. அந்த வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எப்படி உட்கார்ந்தேன் என்பதையும் நீ நினைவில் வைத்துக்கொள்வாய். இந்த மாதத்தோடு இங்கிருந்தும் கிளம்புகிறேன். ஒரு கம்பெனியில் பயிற்சிப் பிரிவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இனி எழுதாதே. அப்பாவிடம் மட்டும் கேட்டதாகச் சொல்.

மைக்

நவம்பர் 20

அன்புள்ள மைக்,

வேலை கிடைத்துவிட்டது என்று கைடு சொல்லியிருப்பார். அம்மா தெருவில் வீடு விடாமல் சொன்னாள். அப்பா மட்டும், "அந்தப் பொண்ணுக்கும் கெடைச்சிருச்சா?" என்று கேட்டார். வேறு ஊரில் கிடைத்துவிட்டது என்றேன்.

உன் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் "பழைய மேடம் இப்படித்தான் நடத்துவாங்க" என்பார்கள். எரிச்சலாக வரும். நீ போன பிறகும் என் வகுப்பில் நீதான் எழுந்து பதில் சொல்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வேலை கைக்கு வந்தால் உன்மேல் இருந்த எரிச்சல் அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

இன்று முதல் பெஞ்சுப் பெண் ஒரு கடிதத்தைக் காட்டினாள். நீ அவளுக்கு எழுதியது. நான்கு பக்கம். புராஜெக்டுக்கு யோசனை, இடையிடையே திட்டு, "அடி லூசு" என்று ஒரு வரி. உன் கையெழுத்து இன்னும் வலது பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு ஒரு வரி எழுதாதவள் யாரோ ஒருத்திக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பாதி வகுப்பில் வெளியே வந்துவிட்டேன்.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "மேடம், நீங்களும் அவங்களும் ரூம்மேட்டாமே? உங்ககிட்ட அவங்க அட்ரஸ் இருக்கும்ல? கவர தொலைச்சிட்டேன்."

"இருக்கு. கவர நல்லாத் தேடு, உன்கிட்டயே இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

என்னிடம் இல்லை, மைக். கைடிடம் போய்க் கேட்கலாம். "உனக்கா தெரியாது?" என்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உறையை ஒட்டிவிட்டேன். மேலே உன் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன்,
பூனை