முப்பத்தொன்றாம் எண் ஆடு

சிலிங்கோல் ஆட்டுப்பண்ணை,
மார்ச் 4, 2018

அன்புள்ள யுசோங்,

நலம்தானே? ஆய்வு நிலைய இயக்குநர் நாற்காலியில் நலத்துக்கு என்ன குறை! செல்பேசியில் நான் அனுப்பிய பதினான்கு செய்திகளையும் படித்துவிட்டு நீ மௌனமாக இருப்பதால், தபால்தலை ஒட்டி வருகிறேன்.

நீ ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையின் நகல் கிடைத்தது. எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் ஏழாவது. ஆறாவது உன் கார் ஓட்டுநர். நன்றாகத்தான் ஓட்டுகிறார், மறுக்கவில்லை.

ஆனால் போன அக்டோபர் குளிரில் பன்னிரண்டு ஆட்டு மண்டைகளைப் பிளந்து, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒளிந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து உறையவைத்தவன் நான். ஒரே படச்சுருளை இரண்டு பேர் வெட்டி ஒட்டினால் இரண்டு படம் வரும்; அதுபோல ஒரே மரபணுவின் நகல் இரட்டைக்குட்டி போடும் ஆட்டில் ஒரு விதமாகவும் ஒற்றைக்குட்டி போடும் ஆட்டில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது, கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோன் கூடுவதும் குறைவதும் அதனால்தான் என்று யோசித்தவனும் நான். கல்லூரி விடுதியில் நீ மேல்கட்டிலில் குறட்டை விட்டபோதே சொன்னேன்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. முதல் பெயராக ஒரு கட்டுரையாவது வராவிட்டால் பேராசிரியர் பட்டம் இல்லாமலே ஓய்வு பெறுவேன். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு.

மெங் ஷிலின்

ஹூஹோட்,
மார்ச் 15

கீழ்க்கட்டில் அண்ணனுக்கு,

உன் திட்டு வாங்கி நாளாயிற்று, உடம்புக்கு நல்லது. பெயர் வரிசை குழு போட்டது, நானில்லை.

இப்போது தலைபோகிற விஷயம். இரட்டைக்குட்டிக் கூட்டத்தின் முப்பத்தொன்றாம் எண் ஆட்டின் ஹார்மோன் அளவு வானத்தைத் தொட்டது அல்லவா? நாளிதழ் பேட்டியில் அதைத் 'தாய்களின் ராணி' என்று சொல்லிவிட்டேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த ராணியிடம் ஆண் மரபணு தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அதை நீக்கினால் இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை, கட்டுரை செத்தது.

என்ன நடந்ததென்று சத்தமில்லாமல் விசாரி. அந்த ஆண் வரிகளை மட்டும் தரவிலிருந்து அழித்துவிடுகிறேன். உன் பெயர் முதலில் வரும். பெயர் வரிசையை மாற்றும் படிவம் இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு.

உன் தம்பி,
சியே யுசோங்

சிலிங்கோல்,
மார்ச் 24

யுசோங்,

விசாரித்தேன். ஆடுகளை அறுத்த அன்று நீ புகைப்படக்காரரோடு வந்து, என்னைப் பத்து நிமிஷம் புல்வெளியில் சிரிக்க வைத்தாய் அல்லவா? அப்போது கூடாரத்தில் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று முப்பத்தொன்று. மற்றது உன் விருந்துக்காக அறுத்த, காயடித்த கிடா. மேய்ப்பர் வீட்டுக்காரி சரங்குவாவைக் கேட்டேன்.

"பெரிய விருந்தாளிக்குத் தலையை வைக்கணும். அந்தக் கிடாவுக்கு மூஞ்சி கோணல். உங்க ஆட்டுக்கு நல்ல முகவெட்டு. அதான் இதைப் பானையில போட்டேன்."

"காதுல நம்பர் இருந்துச்சே அம்மா!"

"டைரக்டருக்கு நம்பர் போட்ட தலையையா வைக்கிறது? மானம் போகாது? அதைக் கழட்டி..."

"கழட்டி?"

"அந்தக் கிடா காதுல மாட்டிட்டேன். நம்பர் தொலைஞ்சா நீங்கதானே குதிப்பீங்க!"

ஆக, நான் பிளந்தது கிடாவை. விரை போனால் பிட்யூட்டரிக்குக் கடிவாளம் இல்லை. ஹார்மோனைக் கொட்டித் தீர்க்கும். உன் ராணி அதுதான். உண்மையான முப்பத்தொன்றை மூளையோடு சாப்பிட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொன்னவன் நீ.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் இடத்தில் என் பெயர் பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். பிறகு கிழித்தேன். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தது காயடித்த கிடாவின் முதுகில் ஏறிப் பேராசிரியர் ஆவதற்கு அல்ல. ஏப்ரல் பத்துக்குள் நீ கட்டுரையைத் திரும்பப் பெறாவிட்டால், ஆய்விதழுக்கு நானே எழுதுவேன்.

ஷிலின்

ஹூஹோட்,
ஏப்ரல் 8

அண்ணா,

திரும்பப் பெற்றுவிட்டேன். இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் என்னையும் கொஞ்சம். அக்டோபரில் புதிதாகப் பன்னிரண்டு ஆடுகளுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. முதல் பெயர் உன்னுடையது, குழுவைக் கேட்கவில்லை. படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

ஒரு சந்தேகம். வேறு யாரிடமும் கேட்க முடியாது. நான் தின்ற தலையில் இருந்த அந்தக் கருமுட்டை ஹார்மோன், வேகவைத்தபோதே செத்திருக்கும்தானே? துறையில் முப்பது வருஷம் இருந்தும் நாலு நாளாக எனக்குத் தூக்கமில்லை. தபாலிலேயே பதில் போடு. என் செல்பேசியை மனைவி பார்க்கிறாள்.

யுசோங்