நாலு மணிக்குள் வராவிட்டால்

மார்ச் 3, செவ்வாய்

படகு வந்துவிட்டது! நானும் அண்ணியும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியது. பதினாறு அடி, பழையது, ஆனாலும் எங்களுடையது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று இதே நினைப்பில் ஒருவருக்கு வேறொருவர் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். எட்டு வருஷம் கரையில் நின்று தூண்டில் போட்டவளுக்கு இனி ஆழ்கடல்!

மார்ச் 5, வியாழன்

படகுப் பயிற்சியாளர் ஒரு தாள் கொடுத்தார். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி, கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். "கூச்சப்படாம போன் பண்ற ஆளாப் பார்த்துக் குடுங்க."

எனக்கு இருப்பது என் கணவர்தான். குழாய் ஒழுகி மூன்று வாரம். பிளம்பருக்குப் போன் செய்யச் சொன்னால், "பாவம், சாப்பிட்டுட்டு இருப்பாரு" என்பார். மூன்று வாரமாக அந்தப் பிளம்பர் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

மார்ச் 7, சனி

தாளை அவர் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இடம்: இரட்டைப் பாறை. மூன்றுக்குத் திரும்புவோம். நாலு மணிக்குள் வராவிட்டால் கூப்பிட வேண்டிய எண்.

"நாலுன்னா நாலு. 'இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்' கிடையாது."

"சரிம்மா."

இந்தச் 'சரிம்மா'வைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன். மிதவைச் சட்டையை வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். கழற்ற மனசே வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்னும் சாப்பிடக்கூட இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கடல் என்ன அழகு! பதினோரு மணிக்குள் நாலு மீன். அப்போதுதான் தூரத்தில் பறவைக் கூட்டம் தண்ணீரில் பாய்ந்து பாய்ந்து விழுவதைப் பார்த்தேன். அடியில் சூரை மீன்கள்! "அண்ணி, படகை அங்க விடுங்க, விடுங்க!"

"எழுதிக் குடுத்தது இந்த இடம்தானே?"

"பத்து நிமிஷத்துல வந்துடலாம்."

சொன்னது நான்தான். பறவைகள் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். ஒரு சூரை மாட்டி இழுத்த இழுப்பில் தோளே கழன்றுவிடும் போலிருந்தது. கத்தினேன், சிரித்தேன், படகுக்குள் கொண்டுவந்தேன். பத்து கிலோ!

ஒரு மணிக்கு இன்ஜின் நின்றது. பெட்ரோலில் தண்ணீர். போனில் சிக்னல் இல்லை. ரேடியோ அடுத்த மாதம் வாங்குவதாக இருந்தோம். நங்கூரக் கயிறு அடி தொடவில்லை, நீரோட்டம் வெளியே இழுத்தது.

நாலு மணி. எனக்குக் கடல்மேல் பயம், அவர்மேல் கோபம். "கூப்பிட மாட்டார் அண்ணி! மீட்புப் படைக்காரங்க டீ குடிச்சிட்டு இருப்பாங்கன்னு உக்காந்திருப்பாரு!" சொல்லிவிட்டு அழுதேன்.

ஐந்துக்குச் சற்று முன், வெகு தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு. எங்களை நோக்கி வரவில்லை. இரட்டைப் பாறையையே சுற்றிச் சுற்றி வந்தது. ஆபத்துக்கென்று வைத்திருந்த புகைக்குப்பியின் வளையத்தை அண்ணி இழுத்தார். ஆரஞ்சுப் புகை எழும்பியது. படகு திரும்பியது! கட்டிப்பிடித்துக் குதித்தோம். "உக்காருங்கம்மா, கவுந்துடும்!" என்று ஒலிபெருக்கியில் திட்டு விழுந்தது.

"உங்க வீட்டுக்காரர் நாலு மணி ஒரு நிமிஷத்துக்கே கூப்பிட்டுட்டாரு" என்றார் மீட்புப் படைக்காரர். "நாங்கதான் அரை மணி நேரமாத் தேடினோம். அங்க யாருமே இல்லைன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டோம்."

அந்தச் செய்தியோடு அவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்? கடவுளே.

மார்ச் 9, திங்கள்

அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரே கேள்வி: "அங்க இல்லைன்னாங்களே... எங்க போனீங்க?" பறவையைத் துரத்தினோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ரேடியோ மாட்டியாச்சு, பெட்ரோல் தொட்டி சுத்தம். மறுபடியும் கடல்! காலையில் தாளை ஒட்டும்போது, 'நாலு மணி' என்று நான் எழுதியதை அவர் அடித்துவிட்டு 'மூன்றரை' என்று எழுதினார். நான் அதை அப்படியே ஒட்டினேன்.

பதினொன்றரைக்குத் தூரத்தில் பறவைகள். கூட்டம் கூட்டமாக! மனசு எகிறிக் குதித்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் இரட்டைப் பாறையிலேயே தூண்டிலை வீசினேன். மூன்று மீன், அத்தனையும் சின்னது, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டே முக்காலுக்குத் துறையில் கயிறு கட்டினோம். அவர் வெயிலில் நின்றிருந்தார்.

"எப்ப வந்தீங்க?" என்றார் அண்ணி.

"இப்பதான்."

அவர் சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.