வீட்டுத் தலைவி படுத்திருக்கிறாள்

லீட்ஸ்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? பென்சான்ஸில் மழை விட்டதா? எனக்கு நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, அவ்வளவுதான். பேக்கரி வேலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதே.

வாடகைக்கு நகராட்சியில் உதவி கேட்டோம். நடமாடுகிறவன் நான்தானே என்று, உன் வருங்கால மருமகன் ரோட்ரி தன் பேரில் எழுதிப் போட்டான். தள்ளிவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டதற்கு அங்கிருந்த அம்மாள் சிரித்தாளாம். "காலேஜ்ல படிக்கிறவனுக்குத் தர மாட்டோம், கண்ணு. படுத்திருக்காளே, அவ பேர்ல கேளு."

அப்படியே கேட்டோம். நேற்று கிடைத்துவிட்டது. "இனிமே நீதான் வீட்டுத் தலைவி. எந்திரிக்காம உத்தரவு போடு" என்று சூப்போடு வந்து நிற்கிறான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். அவன் வகுப்புக்குப் போன பிறகு மட்டும் இந்த ஒற்றை அறை ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

உன் குங்குமப்பூ கேக் சாப்பிட ஆசையாக இருக்கிறது. தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும். யாராவது மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தால் முழுசாக வந்து சேரும். சோபாவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

மாத்திரை நேரம், எழுந்திருக்கிறேன்.

உன்
கெரென்சா