உந்தக் கோடு

ஆவணி 9, செவ்வாய்

ஜீப்பின் பின்பக்கத்துக்கு ஒருவழியாக யன்னல் வைத்தாயிற்று. சாமான் ஏற்றவென்று செய்த வண்டி. பின்னால் முழுக்கத் தகரம். வெளியே பார்க்க முடியாமல் மகள் சுதாவுக்கு ஒவ்வொரு பயணமும் வாந்தி, சத்தி.

தகரம் வெட்டியவர் மலைநாட்டு ஹட்டன்காரர்; எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குப் புதிது. நேற்று நான் கீறிய கோடு, கூரையைத் தாங்கும் சட்டத்தின் மேல் போய்விட்டது. அதை அழிக்காமல் கீழே இன்னொன்று கீறினேன். சோம்பல்தான், வேறென்ன. இன்று அவர் கை கீழ்க்கோட்டில் இருந்தபோது, "உந்தக் கோட்டிலை வெட்டுங்கோ" என்றேன். கேட்பவரின் கையடியில் இருப்பதற்கு நாங்கள் சொல்லும் ‘உந்த’வை அவர் தள்ளியிருக்கும் ‘அந்த’ என்று எடுத்துக்கொண்டு, தகரம் அறுக்கும் கிரைண்டரை மேல்கோட்டுக்குக் கொண்டுபோனார். சட்டம் அறுந்தால் கூரை தொங்கும். தகரத்தில் படுமுன் அவராகவே நிறுத்தினார்.

"உந்தன்னா எந்தக் கோடுங்க?"

கீழ்க்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினேன்.

திரும்பி வரும்போது, வெட்டும் இடத்தில் கூடவே நின்ற மகள் பின்னாலிருந்து புது யன்னலால் பார்த்து, "அப்பா, உங்கை பாருங்கோ, மயில்" என்றாள்.

"உங்கையெண்டா எங்கை பிள்ளை?" என்று அந்த ஹட்டன்காரரைப் போலவே கேட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் இறங்கும்போது, சத்தி எடுக்கக் கொடுத்திருந்த பொலித்தீன் சொப்பின் பையை என் கையில் திருப்பித் தந்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.