டாக்டர் என்னிடம் சொன்னது

என் பாசமுள்ள மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. ரோலிங் மில்லில் உங்கள் இடத்தில் இப்போது நான்தான் நிற்கிறேன். வெக்கை அப்படியேதான் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடா குடிக்கிறவர்களும் குறையவில்லை. யாரைக் கேட்டாலும் ‘கேஸ்’ என்கிறார்கள். நீங்களும் ஆறு மாதம் அதைத்தானே சொன்னீர்கள்?

எழுத வந்தது அக்காவைப் பற்றி. உங்கள் பெண்டாட்டிக்கும் அதே வலி. வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை இழுக்கிறது. போன வாரம் வெறும் வயிற்றோடு கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் நாலைந்து கல், பட்டாணி அளவில். இன்னும் குழாயில் இறங்கவில்லை, இப்போதே பையை எடுத்துவிட்டால் நல்லது, சின்னச் சின்னத் துளை போட்டே செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். “இன்னாடா பேசற? எல மருந்து குட்ச்சிக்கினு ஊட்ல இருந்த மனுசன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்தானே கொன்னோம்? எனக்கு ஆபரேஷனும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

அவள் அப்படி நம்புவதற்குக் காரணம் நான். இது உங்களுக்கும் தெரியாது மாமா.

உங்கள் கண் மஞ்சளான அன்று, உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். “கல்லு நழுவி பித்தக் குழாயை அடைச்சிருக்கு. அதனாலதான் மஞ்சள். இன்னிக்கே அட்மிட் பண்ணுங்க. சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து.” தலையை ஆட்டினேன். காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று நம் பக்கம் யாருக்குத் தெரியாது? பெரிய மேதாவி மாதிரி வெளியே வந்து, “வெறும் காமாலைதான் மாமா” என்றேன். “நீ சொன்னா சரிதான் மச்சான்” என்று பைக்கில் ஏறிக்கொண்டீர்கள்.

ஆரம்பாக்கம் தாண்டி ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மூன்று நாள் இலைச் சாறு, உப்பில்லாப் பத்தியம். நாலாம் நாள் குளிர்க்காய்ச்சலில் உங்கள் பல் கிட்டித்தது. அதற்கப்புறம் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பயன்?

போன வாரம் ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போது, பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வண்டி வந்து போனது. அவள் எதிலும் ஏறவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாவது வண்டி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆபரேஷனுக்கு முன்ன கையெழுத்து கேப்பாங்க இல்ல? அத நீதான் போடணும்” என்றாள். மன்னித்துவிட்டாளா, தண்டனை கொடுத்தாளா? அவளை உங்களுக்குத்தானே தெரியும்.

நாளைக் காலையில் ஆபரேஷன். டாக்டர் எது சொன்னாலும், ஒரு வார்த்தையும் விழுங்காமல் அவளிடம் அப்படியே சொல்வேன் மாமா. இது சத்தியம்.

இன்னும் உங்கள் மச்சான்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும்,
அக்காவின் தம்பி.